சொந்த பேண்டிலிருந்து கச்சேரி மேடைக்கு: கொங்கு நாட்டு டிரம்மரின் இரண்டாவது படிப்பு

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் டிரம்ஸ் பழகுகிறவர்கள் பொதுவாக இரண்டு வாசல் வழியாக வருகிறார்கள். ஒன்று, ஞாயிறு ஆராதனைக்கு டிரம்ஸ் கிட் போட்டு வைத்திருக்கும் தேவாலயம். மற்றொன்று, கல்லூரி கல்ச்சுரல்ஸ். தேவாலயத்தில் பழகியவருக்குப் பாடுகிறவர் பின்னாலேயே போகத் தெரியும். கல்லூரியில் பழகியவருக்குத் தன் அடியைத் தானே கட்டத் தெரியும். சொந்தப் பாட்டு போடும் பேண்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வாசலில்தான் பிறக்கின்றன: விடுதியில் சேர்ந்த நாலு பேர், ஐந்தாறு பாட்டு, போட்டி மேடைகளில் தலா 15, 20 நிமிடம். நான்காம் ஆண்டு முடிந்ததும் கிட்டார்காரர் பெங்களூருக்கும் பாஸ்காரர் சென்னைக்கும் வேலைக்குப் போகிறார்கள். பேண்டு வாட்ஸ்அப் குழுவாகச் சுருங்கிவிடுகிறது.

இதில் அதிகம் அடிபடுகிறவர் டிரம்மர். கிட்டாரை ஹெட்போனில் மாட்டி நடுராத்திரியில்கூட வாசிக்கலாம். லைன் வீட்டில் டிரம்ஸ் வாசித்தால் ஆறு வீடும் வெளியே வந்து நிற்கும். சொந்தப் பாட்டைக் கேட்கக் கூட்டம் கூடும் இடமும் இங்கே குறைவு. தமிழ்நாட்டில் தனியார் மது பரிமாறுவது பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்களிலும் கிளப்புகளிலும்தான் என்பதால், பெங்களூரு மாதிரி பப் மேடைகள் தெருத்தெருவாக முளைக்கவில்லை. மேடை கிடைப்பதெல்லாம் கல்யாண ரிசப்ஷன், மாரியம்மன் நோம்பி (கோயில் திருவிழா), கம்பெனி ஆயுத பூஜை, டிசம்பர் 31 ராத்திரி. அங்கெல்லாம் கேட்பது தெரிந்த சினிமாப் பாட்டு. அதனால் டிரம்மர் திரைப்பாடல் கச்சேரிக் குழுவுக்கோ, பிறர் பாட்டை வாசிக்கும் கவர் பேண்டுக்கோ போகிறார்.

இப்படிப் போவதைத் தரம் இறங்குவதாகப் பேசுவது ஒரு வழக்கம். அப்படிப் பேசுகிறவர்களில் பலர் மூன்று மணி நேரக் கச்சேரிக்கு டிரம்ஸில் உட்கார்ந்து பார்த்ததில்லை. வேலை கீழே போகவில்லை, வேறு வேலையாகிவிடுகிறது. சொந்த பேண்டில் டிரம்மர் எதை அடிக்கிறாரோ அதுதான் பாட்டு. கச்சேரியில் தாளம் ஏற்கெனவே இருக்கிறது. அதுவும் ஒருவர் வாசித்த தாளம் இல்லை. 1970, 80களின் திரைப்பாடல் பதிவில் தபேலா, டோலக், பாங்கோ, காங்கோ, டிரம்ஸ், ஷேக்கர் என்று தனித்தனி ஆட்கள் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். 1990களில் ஏ. ஆர். ரகுமான் வந்த பிறகு கணினியில் அடுக்கிய தாளங்கள் பெருகின. இரண்டு காலத்துப் பாட்டையும் இரண்டு கை, இரண்டு காலால் அப்படியே எடுக்க முடியாது. அதனால்தான் கச்சேரி மேடையில் தாளம் மூன்று பங்காகப் பிரிகிறது: டிரம்ஸ், பேடு (குச்சியால் தட்டினால் ஒலி தரும் மின்னணுப் பெட்டி), தபேலா-டோலக்.

குழுவின் செலவைக் குறைக்க நினைத்தால் முதலில் கழற்றிவிடப்படுவது டிரம்ஸ். இடம் அடைக்கும், மைக் கேட்கும், குட்டி யானை வண்டியில் பாதியைப் பிடிக்கும். பேடு ஒரே ஸ்டாண்டில் நிற்கும், ஒரு கேபிளில் போய்விடும். கோவை மேடைகளில் டிரம்மருக்கு உண்மையான போட்டி இன்னொரு டிரம்மரைவிட இந்தப் பெட்டிதான். அதனால் கச்சேரிக்கு வருகிறவர் முதல் மாதமே பேடு பழகிவிடுவது நல்லது.

ரோலண்ட் நிறுவனத்தின் முதல் ஆக்டாபேட் 1985இல் வந்தது. எட்டுப் பட்டைகள் என்பதால் அந்தப் பெயர். இப்போது மேடையில் இரண்டு வகை புழங்குகிறது. எஸ்பிடி-20, எஸ்பிடி-30 வகையில் ஒலிகள் உள்ளேயே இருக்கும். தபேலா, டோலக் சத்தமெல்லாம் தட்டினால் வரும். எஸ்பிடி-எஸ்எக்ஸ் வகையில் நாமே ஒலியை ஏற்ற வேண்டும். புதிய பாடல்களின் லூப்பும் (திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டு), பாட்டுக்கு அடையாளமான ஒற்றைச் சத்தங்களும் இதில்தான் சரியாக வரும். ஏற்றும் கோப்பு வேவ் வடிவில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஆக இருக்க வேண்டும். எம்பி3யிலிருந்து மாற்றினால் கோப்பின் தலையில் துளி அமைதி ஒட்டிக்கொண்டு வரும். அதை வெட்டாமல் ஏற்றினால் ஒவ்வொரு தட்டும் நூலிழை பிந்தும். கை சரியாக இருந்தும் தாளம் இழுக்கும். என்ன கோளாறு என்று தெரியாமல் கீபோர்டுகாரரோடு சண்டை வரும்.

பேடில் அடிக்கடி நடக்கும் கோளாறு இன்னும் இரண்டு. ஒன்று, டிரம்ஸ் மாட்டிய கம்பிச் சட்டத்திலேயே பேடையும் மாட்டிவிடுவது. கிக்கின் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) அதிர்ச்சியில் தட்டாத பட்டை தானே ஒலிக்கும். தனி ஸ்டாண்டு போட வேண்டும்; முடியாவிட்டால் த்ரெஷோல்டை (எவ்வளவு பலமாகத் தட்டினால் ஒலிக்க வேண்டும் என்ற அளவை) ஏற்ற வேண்டும். ரொம்ப ஏற்றினால் மெதுவாகத் தட்டும் தபேலா சத்தம் காணாமல் போகும் என்பதால் ஒவ்வொரு படியாக ஏற்றிப் பார்ப்பது நல்லது. இரண்டாவது, வெளியீட்டுத் துளை. சவுண்டுகாரர் ஒரே கேபிள் கொடுத்தால் அதை இடது/மோனோ என்று எழுதியிருக்கும் துளையில்தான் சொருக வேண்டும். வலதில் சொருகினால் இடது பக்கம் வைத்திருக்கும் ஒலிகள் குறைந்தோ காணாமலோ போகும். இருட்டு மேடையில் அவசரமாகச் சொருகும்போது நடக்கிற தப்பு இது.

இனி தாளத்துக்கு வருவோம். சொந்த பேண்டில் ராக், மெட்டல் வாசித்த கை நாலு நாலாகப் பிரித்துப் பழகியது. திரைப்பாடல்களில் பெரிய பங்கு திஸ்ர நடை, அதாவது ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும். குத்துப் பாட்டு இதன் மேல்தான் நிற்கிறது. கொங்கு நாட்டில் இதைத் தப்பாக வாசித்துவிட்டுத் தப்பிக்கவே முடியாது. ஜமாப் மேளத்தில் வரும் திடும் என்ற கொட்டின் சத்தத்தையும் உருமியையும் சின்ன வயதிலிருந்து கேட்டு ஆடிய கூட்டம் அது. அவர்கள் வாய் திறந்து குறை சொல்ல மாட்டார்கள், ஆட்டம் நின்றுவிடும்.

எங்கே தவறுகிறது? குரூவ் (பாட்டு முழுக்க ஓடும் அடி) பெரும்பாலும் சரியாகத்தான் ஆரம்பிக்கிறது. ஃபில் (ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது போடும் நிரப்பு அடி) வரும்போது பழைய கை விழித்துக்கொள்கிறது. நாலு அடி கொண்ட ஒரு பாரில் திஸ்ரத்துக்கு 12 தட்டு வர வேண்டும். பழக்கத்தில் கை 16 தட்டு போடும், பாட்டு அந்த இடத்தில் ஒரு குலுங்கு குலுங்கும். இதற்குப் பயிற்சி எளிது, ஆனால் சலிப்பானது. வாயில் 'தகிட தகிட' சொல்லிக்கொண்டே ஸ்னேரில் வலது-இடது-வலது, இடது-வலது-இடது என்று மாற்றி மாற்றி 12 தட்டு. பிறகு ஒவ்வொரு தகிடவையும் ஒரு டாமுக்கு நகர்த்துவது. 12 தட்டோ 6 தட்டோ போட்டால் அடுத்த அடி வலது கையிலேயே வந்து விழும். ஒரே ஒரு தகிட மட்டும் ஃபில் போட்டால் அடுத்த அடி இடது கைக்குப் போய்விடும், கிராஷ் சிம்பல் எட்டாது. அந்த இடத்தில் வலது-இடது-இடது என்று வாசித்துவிட்டால் வலது கை கிராஷுக்குத் தயாராக இருக்கும். குத்துப் பாட்டில் ஸ்னேரை 2, 4இல் ஓங்கி அறைவதையும் குறைத்துக்கொள்ள வேண்டும். ஃப்ளோர் டாமுக்குத் திடும் வேலையைக் கொடுத்து, ஸ்னேரை உருமி மாதிரி நடுவில் உருட்டினால்தான் ஆட்டம் தூக்கும்.

ஏழும் ஐந்துமாக எண்ணும் தாளங்கள் வேறு வகை வலை. ப்ரொக்ரெசிவ் ராக் கேட்டு வளர்ந்தவர்கள் ஏழு என்றதும் பெரும்பாலும் 2+2+3 என்று எண்ணுவார்கள். மிஸ்ர சாபு 3+4, 'தகிட தகதிமி'. மொத்தம் ஏழுதான் என்றாலும் அழுத்தம் இடம் மாறிவிடும், பாடகருக்கு மூச்சு எடுக்கும் இடம் தெரியாமல் போகும். கண்ட சாபு 2+3. இவற்றைத் தபேலாக்காரரிடம் உட்கார்ந்து கற்பதே குறுக்கு வழி. 'அண்ணா, இதுக்கு எங்கீங்க சமம்?' (சமம் என்பது தாளம் தொடங்கும் முதல் அடி) என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் கிரேடு எட்டு வரை முடித்தவருக்குக்கூட இந்தப் பாடம் புதிதாக இருக்கும். தாளில் எழுதியதைப் படிக்க அந்தப் படிப்பு கைகொடுக்கும் என்பது வேறு விஷயம்.

பாட்டு படிப்பது தனி வேலை. மூன்று மணி நேரக் கச்சேரிக்கு 25 முதல் 30 பாட்டு. பாடகர்கள் மாறினால் பட்டியலும் மாறும் என்பதால் கையில் 40 பாட்டாவது இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் படிக்க முயன்றால் ஒன்றும் நிற்காது. முதலில் தரம் பிரிக்க வேண்டும். தொடக்க ரோலோ நடுவில் வரும் ஒரு நிறுத்தமோ கூட்டத்துக்கே மனப்பாடமாக இருக்கும் பாட்டுகள் சில. அவற்றில் அந்த இடத்தை மட்டும் துல்லியமாக எடுக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்டவை குரூவும் நிறுத்தங்களும் சரியாக இருந்தால் போதும் என்பவை. மீதி தபேலா நடத்தும் மெலடிகள். அங்கே டிரம்மரின் வேலை ஹைஹேட்டை (காலால் இயக்கும் ஜோடிச் சிம்பல்) மெல்லத் திறந்து மூடுவதும், குச்சியை ஸ்னேர் மேல் கிடத்தித் தட்டும் க்ராஸ் ஸ்டிக்கும், சரணம் ஏறும்போது ஒரு சிம்பலும். சொந்த பேண்டிலிருந்து வருகிறவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருப்பது இந்த மூன்றாவது வகைதான். கை சும்மா இருக்க மறுக்கும்.

ஒரு பாட்டுக்கு அரைப் பக்கக் குறிப்பு போதும். வேகம், யார் தொடங்குவது, பிறகு பார் கணக்கு: முன்னிசை 8, பல்லவி 4 இரண்டு தடவை, முதல் பிஜிஎம் 16, சரணம் 8+8, பல்லவி 4, கட். கச்சேரி வழக்கில் பிஜிஎம் என்றால் இடையிசை. படத்தின் பின்னணி இசையை நினைத்துக் குழம்ப வேண்டாம். பாட்டு எங்கிருந்து எடுக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். சமத்துக்கு அரை அடி தள்ளி எடுக்கும் பல்லவிகள் ஏராளம். '1-2-3-4' என்று எண்ணிவிட்டு முதல் அடியில் பாடகரை எதிர்பார்த்தால் ஆரம்பமே கவிழும்.

வேகத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய படங்களின் வீடியோவிலிருந்து எடுக்கக் கூடாது. சினிமா நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்). தொலைக்காட்சி, டிவிடிக்காக PAL என்ற ஒளிபரப்பு முறைக்கு மாற்றும்போது 25 சட்டமாக ஓட்டிவிடுவது வழக்கம். அதில் பாட்டு சுமார் 4 சதவீதம் வேகமாகும், சுருதியும் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். நிமிடத்துக்கு 100 அடியில் இருக்கும் பாட்டு 104 ஆகிவிடும். இசைத்தட்டு வழி வந்த ஆடியோவில்தான் அளக்க வேண்டும். கிளிக் (வேகம் காட்டும் 'டிக் டிக்' சத்தம்) இல்லாமல் பதிவான பழைய பாட்டுகள் சரணத்தில் தானாகவே கொஞ்சம் முன்னே போயிருக்கும். அதனால் பல்லவியில் அளந்த எண்ணை வைத்துக்கொள்வதே பத்திரம். மேடையில் பதற்றத்தில் எண்ணும் வேகம் கூடும். வெளிச்சம் காட்டும் மெட்ரோனோமில் பாட்டு வரிசைப்படி எண்களைச் சேமித்து, எண்ணுவதற்கு முன் இரண்டு நொடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவர் பேண்டுகள் மடிக்கணினியில் முன்பே பதிந்த ட்ராக் ஓட்டுவது இப்போது சாதாரணம். ஒரு சேனலில் பாட்டின் பின்னணி, மற்றதில் கிளிக். கிளிக் டிரம்மரின் காதுக்கு மட்டும் போகும். தொடங்கும் பொத்தானும் அவர் கையில் இருப்பது நல்லது. இதில் கேபிள் இடம் மாறி, மண்டபம் முழுக்க 'டிக் டிக்' கேட்பது உலகப் பொதுவான விபத்து. ட்ராக் நடுவில் நின்றுவிட்டால் டிரம்மர் நிற்கக் கூடாது, அதே வேகத்தில் ஓட்ட வேண்டும். திரும்ப ட்ராக்கைச் சேர்க்கும் வீரமும் வேண்டாம். ட்ராக் இல்லாத பாட்டில் பாடகர் ஒரு பார் முன்னால் நுழைந்துவிட்டால், கணக்குப்படி அது தப்பு, கச்சேரிப்படி அதுதான் சரி. டிரம்மரும் பாஸ்காரரும் ஒருவரையொருவர் பார்த்து, அடுத்த சமத்தில் கிராஷ் போட்டால் மற்றவர்கள் அங்கே வந்து சேர்ந்துகொள்வார்கள். கூட்டம் கவனிக்காது.

இந்தப் பக்கத்துப் பெரிய கல்யாண மண்டபங்கள் டிரம்ஸுக்கு எதிரி. தரை கிரானைட், சுவரெல்லாம் வழவழப்பு. அடித்த ஸ்னேர் திரும்பி வந்து அடுத்த அடியில் மோதும். 22 அங்குல கிக் இங்கே தேவையில்லை, 18 அல்லது 20 போதும். தடித்த 5பி குச்சிக்குப் பதில் மெல்லிய 7ஏ, ரிசப்ஷனின் முதல் ஒரு மணி நேரத்துக்கு ராட்ஸ் (மெல்லிய குச்சிகளைக் கட்டியது). வரிசையில் நின்று மணமக்களுக்கு மொய் வைக்கிறவர்கள் பேசிக்கொள்ள முடிகிற அளவில்தான் சத்தம் இருக்க வேண்டும். அடுத்த தடவை கூப்பிடுவதும் கூப்பிடாததும் இந்த ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிடும். கடைசி அரை மணியில் 'இன்னொரு குத்துப் பாட்டு போடுங்ண்ணா' என்று பையன்கள் மேடைக்கு வரும்போது கையைத் திறந்துவிடலாம்.

நோம்பி மேடை இதற்கு நேர்மாறு. திறந்த வெளி, சுவரே கிடையாது, சத்தம் போய்க்கொண்டே இருக்கும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் சிம்பல் ஸ்டாண்டையே சாய்க்கும். ஸ்டாண்டின் ஒரு கால் சிம்பலின் எடை இருக்கும் பக்கமே நீண்டிருக்க வேண்டும், காலில் மணல் பை. மேலே தொங்கும் ஓவர்ஹெட் மைக்குக்கு நுரை உறை இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் காற்றுதான் கேட்கும். மேடைப் பலகையில் கிக் முன்னே நகர்ந்துகொண்டே போகும். அதற்கு ஒரு பவானி ஜமக்காளத்தை இரட்டையாக மடித்து விரித்தால் போதும். ஒரு நிபந்தனை: டிரம்மரின் ஸ்டூலும் அதே ஜமக்காளத்தின் மேல் இருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் எடைதான் அதைப் பிடித்து வைக்கிறது. ஸ்டூல் வெளியே போனால் ஜமக்காளத்தோடு சேர்ந்து கிக் நடக்கும்.

கிட் பெரும்பாலும் சவுண்டு சர்வீஸ்காரருடையது. தோல் எத்தனை வருடப் பழசோ தெரியாது. ஸ்னேர், சிம்பல்கள், கிக் பெடல் மூன்றும் சொந்தமாகக் கொண்டுபோகிறவரின் சத்தம் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பையில் கூடவே டிரம் சாவி, ஹைஹேட் க்ளட்ச் (மேல் சிம்பலைக் கம்பியில் பிடித்து வைப்பது) ஒன்று கூடுதலாக, பெடல் ஸ்பிரிங், சிம்பல் ஃபெல்ட், இறக்கை நட்டு, காஃபர் டேப், பேடின் அடாப்டர் இரண்டு. க்ளட்ச்சைத் தனியாகச் சொல்லக் காரணம், வாடகை கிட்டில் முதலில் காணாமல் போவது அதுதான். காதுக்கு அடைப்பானும் வேண்டும். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் (NIOSH) நிறுவனம் சொல்லும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம், 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம். மூன்று மணி நேரம் சிம்பலுக்குப் பக்கத்தில் இருக்கும் காதுக்கு இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பது தெளிவு.

திறந்த வெளியில் ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். விழாக் காலத்தில் வருடத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். இதனால் பட்டியலைப் பின்னாலிருந்து எழுதுவது புத்திசாலித்தனம்: கடைசி நான்கு ஆட்டப் பாட்டு 9:35க்குத் தொடங்கியாக வேண்டும். பதிப்புரிமையில், கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களுக்கும் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. டிசம்பர் 31 மாதிரி ஓட்டல் நிகழ்ச்சிக்கு அந்த விலக்கு இல்லை. ஐபிஆர்எஸ் (பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் உரிமைச் சங்கம்) உரிமத்தை நிகழ்ச்சி நடத்துகிறவர் வாங்க வேண்டும். ஒப்பந்தத்தில் அது யார் பொறுப்பு என்று ஒரு வரி எழுதிக்கொள்வது நல்லது.

வருமானத்தை முடிவு செய்வது முகூர்த்தம். தை முதல் வைகாசி வரை கல்யாணம், ஆடியில் கல்யாணம் இல்லை, அம்மன் கோயில் நோம்பி. மார்கழியும் கல்யாணத்துக்குக் காலி, டிசம்பர் 31 மட்டும் எல்லா ஓட்டலும் ஒரே நேரத்தில் ஆள் தேடும். வளர்பிறை முகூர்த்தம் ஒரே நாளில் குவிவதால் ஒரு டிரம்மருக்கு நாலு இடத்திலிருந்து போன் வரும், அடுத்த இரண்டு வாரம் ஒன்றும் வராது. இங்கேதான் சொந்த பேண்டுக்கும் கச்சேரிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இருக்கிறது. சொந்தப் பாட்டைத் தெரிந்த டிரம்மர் ஒருவர்தான். அவர் வராவிட்டால் நிகழ்ச்சி இல்லை. கச்சேரிப் பாட்டு எல்லாருக்கும் தெரியும் என்பதால் மாற்று ஆள் அரை நாளில் கிடைப்பார். பாடகருக்காகச் சுருதி மாற்றினால் கீபோர்டும் பாஸும் திணறும், டிரம்ஸுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் குழு விட்டுக் குழு போவது டிரம்மருக்கு மிகச் சுலபம், அவரை மாற்றிவிடுவதும் அதே அளவுக்குச் சுலபம். தேதி கொடுத்த பிறகு கூடுதல் காசுக்காக மாற்று ஆளை அனுப்பினால், அந்தக் குழு அடுத்த முறை நேரடியாக மாற்று ஆளுக்கே போன் போடும். முடியாத தேதியைச் சீக்கிரம் சொல்லிவிட்டு, தன் குறிப்புத் தாள்களோடு ஒருவரை அனுப்புகிறவருக்கு இடம் நிற்கும்.

சொந்தப் பாட்டை விட்டுவிட மனம் வராதவர்களுக்கு கவர் பேண்டிலேயே ஒரு இடம் உண்டு. ஆர்கெஸ்ட்ராவில் கஷ்டம், ஓட்டல் மேடையிலும் கல்லூரியிலும் முடியும். பட்டியலின் நடுப்பகுதியில், கூட்டம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய நேரத்தில், தெரிந்த இரண்டு பாட்டுக்கு நடுவே சொந்தப் பாட்டு ஒன்றை வைக்க வேண்டும். மூன்றும் ஒரே வேகத்தில், ஒரே நடையில் இருந்தால் டிரம்மர் குரூவை நிறுத்தாமலே கொண்டுபோகலாம். கீபோர்டுகாரர் முதல் பாட்டின் கடைசிக் கார்டைப் பிடித்துக்கொண்டிருக்க, நாலு பார் கழித்துச் சொந்தப் பாட்டின் பாஸ் வரி நுழையும். நீளம் மூன்றரை நிமிடத்துக்குள். 'இது எங்க சொந்தப் பாட்டு' என்று முன்னால் அறிவித்தால் பாதிப் பேர் போனை எடுப்பார்கள், பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போவார்கள். அறிவிப்பை மூன்றாவது பாட்டு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.